300 விண்ணப்பம், 20 இடம்: அமெரிக்க அரசுப் பணிக்கு ஆளெடுக்க எந்த அளவுகோல்?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஒரு துறைக்கு, உதவித்தொகை மனுக்களைப் பரிசீலிக்க 20 பேர் தேவை என்று வைத்துக்கொள்வோம். அரசு வேலைகளை அறிவிக்கும் யூஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில் அறிவிப்பு வந்த பத்து நாளில் 300 விண்ணப்பங்கள் சேர்ந்துவிடுகின்றன. யாரை எடுப்பது என்ற கேள்வி அப்புறம். எதைக்கொண்டு அளப்பது என்பதை அறிவிப்பு போடும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். விண்ணப்பம் கைக்கு வந்த பிறகு அளவுகோலை மாற்றினால் அது தேர்வே ஆகாது.

இந்த முடிவுக்கு ஆதாரம் தேடித் தருவதுதான் அரசுப் பணியாளர் மேலாண்மையை ஆராயும் உளவியலாளர்களின் வேலை. கூட்டாட்சிப் பதவி வரிசையில் 0180 என்ற எண்ணின் கீழ் வருபவர்கள் இவர்கள். சிகிச்சை, ஆலோசனை பக்கம் இவர்கள் போவதில்லை. ஓபிஎம் எனப்படும் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் இருப்பவர்கள் தேர்வுகளை உருவாக்குகிறார்கள். 1978ஆம் ஆண்டின் குடிமைப் பணிச் சீர்திருத்தச் சட்டத்தால் வந்த தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியத்தில் (எம்எஸ்பிபி) இருப்பவர்கள், ஆளெடுப்பும் மேலாண்மையும் சட்டம் வகுத்த தகுதிக் கொள்கைகளின்படி நடக்கின்றனவா என்று ஆராய்ந்து அதிபருக்கும் காங்கிரசுக்கும் அறிக்கை தருகிறார்கள்.

அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள்: சுயமதிப்பீட்டு வினாத்தாள் (தன் திறமைக்குத் தானே மதிப்பெண் போடுவது), அறிதிறன் தேர்வு (பொது அறிவுத்திறனை அளப்பது), துறை வல்லுநர்களின் விண்ணப்பப் பரிசீலனை, கட்டமைத்த நேர்காணல் (எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பீட்டு அளவு), வேலை மாதிரித் தேர்வு (வேலையின் ஒரு பகுதியைச் செய்து காட்டச் சொல்வது), கடைசியில் தகுதிகாண் பருவம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையில் கொஞ்சம் நேரமும் பணமும்தான் இருக்கிறது என்றால் அதைக் கட்டமைத்த நேர்காணலில் போடுங்கள். சுயமதிப்பீட்டை வைத்து வரிசைப்படுத்துவதை விட்டுவிடுங்கள். மற்றவை பதவியைப் பொறுத்தவை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் பிறகு வேலையில் காட்டும் திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஒட்டுறவுக் கெழுவால் சொல்வது வழக்கம். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். உளவியலாளர்கள் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) இருபது ஆண்டுகளுக்கு மேல் வேதவாக்காக இருந்தது. அதில் வேலை மாதிரித் தேர்வுக்கு 0.54, அறிதிறன் தேர்வுக்கும் கட்டமைத்த நேர்காணலுக்கும் தலா 0.51, கட்டமைக்காத நேர்காணலுக்கு 0.38. படித்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு வெறும் 0.10.

2022இல் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அதே மாதிரியான தரவுகளை மறுபடி கணக்கிட்டார்கள். கட்டமைத்த நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்துக்கு வந்தது. வேலை மாதிரி 0.33க்கும் அறிதிறன் 0.31க்கும் இறங்கின. கட்டமைக்காத நேர்காணல் 0.19.

இவ்வளவு மாற்றம் ஏன்? பணியில் சேர்ந்தவர்களின் திறமையைத்தான் அளக்க முடியும், நிராகரிக்கப்பட்டவர்களின் திறமை நமக்குத் தெரியவே வராது. அதனால் மதிப்பெண்களின் வீச்சு சுருங்கி, கெழுவும் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். அதைச் சரிகட்ட ஒரு திருத்தம் போடுவார்கள். ஆனால் பல ஆய்வுகள் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பார்த்தவை. அவர்கள் அந்தத் தேர்வால் வடிகட்டப்பட்டு வந்தவர்களே இல்லை. அவர்களுக்கும் பெரிய திருத்தம் போட்டதால் எண்கள் ஊதிப்போயின என்பது சாக்கெட் குழுவின் வாதம். எங்களுக்கு அது சரியாகவே படுகிறது. ஆகவே யாராவது 0.51 என்ற எண்ணைக் காட்டி ஒரு தேர்வை விற்க வந்தால், எந்த ஆண்டுக் கணக்கு, என்ன திருத்தம் என்று முதலில் கேளுங்கள்.

சுயமதிப்பீடு: முன்னால் மலிவு, பின்னால் நஷ்டம்

பணியை விவரித்து ஒரு வரி வரும்: "மனுதாரரின் வருமான ஆவணங்களைச் சரிபார்த்துத் தகுதியைத் தீர்மானித்தல்." கீழே ஐந்து விடைகள். 'இதில் எனக்குப் படிப்போ அனுபவமோ இல்லை' என்று தொடங்கி, 'இதில் நான் வல்லுநர், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள்' என்று முடியும். இப்படி முப்பது நாற்பது வரிகள். கணினி கூட்டிப் போடும். மனிதவளப் பிரிவுக்கு வேலை அரை நாளில் முடிந்துவிடும்.

வேலை தேடுபவர் என்ன செய்வார்? கடைசி விடையைத் தொடுவார். நேர்மையாக நான்காவதைத் தொட்டவர் பின்தங்கிப் போவார். வகைப்பாட்டு முறையில் விண்ணப்பதாரர்களை மூன்று தட்டாகப் பிரிப்பது வழக்கம். 300 பேரில் 200 பேர் மேல்தட்டில் வந்து நின்றால் அங்கே பிரித்துப் பார்க்க எதுவும் இல்லை. இதோடு முன்னாள் படைவீரர் முன்னுரிமையும் சேர்கிறது. 10 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்ற படைவீரர், குறைந்தபட்சத் தகுதி இருந்தாலே, அறிவியல் மற்றும் தொழில்முறை உயர்பதவிகள் தவிர மற்றவற்றில், மேல்தட்டுக்கு வந்துவிடுவார். முன்னுரிமை பெற்றவரைத் தாண்டி அதே தட்டில் உள்ள மற்றவரை, உரிய ஒப்புதல் இல்லாமல், எடுக்க முடியாது. சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் 'தகுதியுள்ளவர்' என்று சான்று கொடுத்ததே அந்த வினாத்தாள்தான் என்னும்போது, அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, யாரையும் எடுக்காமல் திருப்பி அனுப்புகிறார். விளம்பரம் மறுபடி முதலிலிருந்து. ஆளெடுப்பை முடிக்க ஓபிஎம் வைத்த 80 நாள் இலக்கு அங்கேயே உடைகிறது. பழி படைவீரர்மேல் விழுவதுதான் இதில் பெரிய அநியாயம். பிழை அளவுகோலில் இருக்கிறது.

2020 ஜூனில் வந்த அதிபரின் 13932ஆம் எண் நிர்வாக ஆணையும், 2024 டிசம்பரில் கையெழுத்தான போட்டி வாய்ப்புச் சட்டமும் சுயமதிப்பீட்டை மட்டும் நம்பி ஆளெடுப்பதற்கு முடிவு கட்டத்தான் வந்தன. வினாத்தாளை முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உரிமம் இருக்கிறதா, இரவுப் பணிக்கு வருவீர்களா என்பன போன்ற, ஆம் இல்லை என்று சரிபார்க்கக்கூடிய விஷயங்களுக்கு அது போதும். மதிப்பெண் மட்டும் தராதீர்கள்.

அறிதிறன் தேர்வு: வலுவானது, ஆனால் வழக்குக்கும் தயாராக இருங்கள்

1974இல் தொடங்கிய பேஸ் தேர்வு, நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்முறை, நிர்வாகப் பதவிகளுக்கு ஒரே எழுத்துத் தேர்வாக இருந்தது. கறுப்பின, ஹிஸ்பானிக் விண்ணப்பதாரர்களின் தேர்ச்சி மிகக் குறைவு என்று 1979இல் லுவேனோ வழக்கு வந்தது. 1981இல் உடன்பாடு எட்டி, 1982இல் தேர்வே கைவிடப்பட்டது. அந்த உடன்பாடு 2025 வரை நீடித்தது. ஒரு தேர்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கச் சரியான மாற்று இல்லாமல் போனதும், சுயமதிப்பீட்டு வினாத்தாள் இவ்வளவு வேரூன்றியதற்கு ஒரு காரணம்.

ஆளெடுப்புத் தேர்வுகளுக்கான 1978ஆம் ஆண்டின் சீரான வழிகாட்டு நெறிகளில் உள்ள ஐந்தில் நான்கு விதியை எல்லோரும் கையால் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிரிவில் 200 பேர் எழுதி 80 பேர் தேறினால் 40 சதவீதம். இன்னொரு பிரிவில் 100 பேரில் 24 பேர் தேறினால் 24 சதவீதம். 24ஐ 40ஆல் வகுத்தால் 0.60. இது 0.80க்குக் கீழே இருப்பதால் அந்தப் பிரிவின்மேல் தேர்வுக்குப் பாதகமான தாக்கம் இருப்பதாகக் கொள்வார்கள். துறை தன் தேர்வு அந்த வேலைக்குத் தேவையானது என்று நிரூபிக்க வேண்டும். பிரிவுக்குப் பத்துப் பேர்தான் எழுதினார்கள் என்றால், ஒருவர் கூடுதலாகவோ குறைவாகவோ தேறினாலே இந்த விகிதம் தலைகீழாகும்; அப்போது அதை மட்டும் நம்பாமல் புள்ளியியல் சோதனையும் செய்யுங்கள்.

சாக்கெட் குழுவின் தொகுப்பில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் உள்ள சராசரி இடைவெளி அறிதிறன் தேர்வில் 0.79 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு). கட்டமைத்த நேர்காணலில் 0.23. ஏற்புடைமை, அதாவது வேலைத் திறமையோடு ஒத்துப்போகும் அளவு, நேர்காணலுக்கு அதிகம், இடைவெளியும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், அறிதிறன் தேர்வை மட்டும் முன்னால் நிறுத்தி ஆளை வெட்ட எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதும் பயிற்சிநிலைப் பதவிகளில், மற்ற கருவிகளோடு சேர்த்து, மிதமான வெட்டு மதிப்பெண்ணோடு வைத்தால் அதற்கு நியாயம் உண்டு.

நிரூபிக்கும் வழியிலும் வித்தியாசம் இருக்கிறது. வேலையின் ஒரு பகுதியையே செய்யச் சொல்லும் தேர்வை உள்ளடக்க ஏற்புடைமை காட்டி, அதாவது தேர்வில் கேட்பதும் வேலையில் செய்வதும் ஒன்றே என்று காட்டி, காப்பாற்றலாம். பொது அறிவுத்திறன் போன்ற கருத்தாக்கத்துக்கு அந்த வழி செல்லாது என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அதற்குப் பணித்திறன் தரவு வேண்டும்.

வல்லுநர் பரிசீலனை: விலை மணிநேரத்தில்

2019இல் ஓபிஎம்மும் வெள்ளை மாளிகையின் டிஜிட்டல் சேவைக் குழுவும் சேர்ந்து, சுகாதாரத் துறையிலும் தேசியப் பூங்காச் சேவையிலும் ஒரு முறையைச் சோதித்தன. அதே வேலையைச் செய்யும் வல்லுநர்கள் பணி ஆய்வில் உட்கார்ந்து தேவையான திறன்களை வரையறுப்பார்கள், விண்ணப்பங்களைப் படிப்பார்கள், பிறகு தொலைபேசியில் கட்டமைத்த நேர்காணல் நடத்துவார்கள். எல்லாக் கட்டமும் தாண்டியவர்தான் தகுதியுள்ளவர். முன்னுரிமை அதற்கப்புறம்தான் பொருந்தும். படைவீரருக்கும் அதிகாரிக்கும் இதுவே நியாயமான வரிசை.

நம் 300 விண்ணப்பங்களுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு விண்ணப்பத்துக்கு 10 நிமிடம், இருவர் தனித்தனியே படிக்க வேண்டும். 300 × 2 × 10 = 6000 நிமிடம், அதாவது 100 மணி நேரம். ஆறு வல்லுநர்கள் என்றால் ஆளுக்குப் பதினேழு மணி நேரம். துறைத் தலைவர் இதற்கு முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் தராவிட்டால் இரண்டாம் நாளே வல்லுநர்கள் வேறு வேலைக்கு இழுக்கப்படுவார்கள். மீதியை யாரோ அவசரத்தில் படித்து முடிப்பார்கள். 'அனுபவம் உண்டு' என்பது போன்ற தளர்வான குறிப்பு போதாது. எந்த வரி எந்தத் திறனைக் காட்டுகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

கட்டுரை வினாக்கள் பற்றி ஒரு வார்த்தை. 2010 மே மாதம் அதிபர் துறைகளுக்கு அனுப்பிய குறிப்பாணை, முதல் கட்ட விண்ணப்பத்தில் நீண்ட கட்டுரைகளை நிறுத்தியது. 2025 மே மாதம் வந்த அரசின் ஆளெடுப்புத் திட்டத்தில் தலா 200 சொல்லுக்குள் நான்கு கட்டுரைகள் திரும்ப வந்தன. வீட்டிலிருந்து எழுதும் 200 சொல் யாருடையது என்று இன்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

கட்டமைத்த நேர்காணல்

இந்தியாவில் 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் சி பிரிவுக்கும், கெஜட்டட் அல்லாத பி பிரிவுக்கும் நேர்காணல் ரத்தானது. முறைகேட்டைத் தடுக்க எடுத்த முடிவு அது. வாய்க்கு வந்ததைக் கேட்டு மனதுக்குப் பட்ட மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு அந்தத் தண்டனை தகும். இங்கே பேசுவது வேறு சரக்கு.

முதலில் பணி ஆய்வு. அந்த வேலையை நன்றாகச் செய்யும் ஐந்து முதல் பத்துப் பேர், மேற்பார்வையாளர் இருவர். பணிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், எவ்வளவு அடிக்கடி, முதல் நாளே தேவையா என்று மதிப்பிடுவார்கள். முதல் நாளே தேவைப்படாதவை போய்விடும். மிஞ்சுவதில் நான்கு முதல் ஆறு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, ஒரு மதிப்பீட்டு அளவு. எடுத்துக்காட்டாக:

"ஆவணம் தவறிப்போனதால் கோபமாக வந்த ஒருவரை நீங்கள் கையாண்ட ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது?"

1 மதிப்பெண்: விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார், அல்லது வேறு ஆளிடம் தள்ளிவிட்டார். 3 மதிப்பெண்: பொறுமையாகக் கேட்டார், வருத்தம் தெரிவித்தார், ஆவணத்தை மறுபடி அனுப்பச் சொன்னார். 5 மதிப்பெண்: எங்கே தவறியது என்று தானே தேடினார், எந்தத் தேதிக்குள் என்ன நடக்கும் என்று சொன்னார், அந்தத் தேதியில் தானே கூப்பிட்டார்.

மூன்று பேர் குழு, ஒருவருக்கு 45 முதல் 60 நிமிடம். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. தொடர்கேள்விகளும் முன்கூட்டியே எழுதி வைத்தவை. ஒவ்வொருவரும் குறிப்பெடுத்து, பேசாமல், தனியே மதிப்பெண் போட்ட பிறகே கலந்து பேச வேண்டும். இருவருக்கிடையே 2 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் குறிப்பில் உள்ள சொற்களைக் காட்டிப் பேசலாம். மாற்றுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் மூன்று இடத்தில். மூத்த அதிகாரி "சும்மா, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்து, இருவருக்கும் ஒரே ஊர் என்று தெரிந்ததும் குரல் கனிகிறது. அந்தக் கனிவு எல்லா மதிப்பெண்ணிலும் ஏறுகிறது. இரண்டாவது, கலந்து பேசிய பிறகு மதிப்பெண் போடுவது. அப்போது மூன்று பேர் இருந்தும் ஒரே ஆளின் கருத்துதான் பதிவாகிறது. மூன்றாவது, எல்லோருக்கும் 4. அளவைப் படித்தவர்கள்தான், ஆனால் பழகிப் பார்க்கவில்லை. மோசம், சுமார், நல்லது என்று மூன்று பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்து, இரண்டு மணி நேரம் குழுவை மதிப்பெண் போடச் சொல்லி, ஏன் வேறுபட்டது என்று பேசவைத்தால் இது பெருமளவு சரியாகிவிடும். நாங்கள் பார்த்தவரை இந்த இரண்டு மணி நேரம்தான் முதலில் வெட்டப்படுகிறது.

300 பேருக்கும் இதை நடத்த முடியாது. 60 பேருக்கு, மூவர் குழு, ஒரு மணி நேரம் என்றால் 180 மணி நேரம். ஆகவே முன்னால் ஒரு வடிகட்டி வேண்டும்.

வேலை மாதிரி எப்போது?

வடிகட்டியாகவோ கடைசிக் கட்டமாகவோ வைக்கலாம். பரிசீலகர் பதவிக்கு ஒரு மனுக் கோப்பு, இரண்டு பக்க விதிச் சுருக்கம், 40 நிமிடம். கோப்பில் மூன்று பிழைகள் ஒளிந்திருக்கும்: கூட்டல் தப்பு ஒன்று, காலாவதியான ஆவணம் ஒன்று, ஒத்துப்போகாத முகவரி ஒன்று. முடிவையும் காரணத்தையும் மனுதாரருக்குப் புரியும்படி ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். விதியைக் கையில் கொடுப்பது முக்கியம். இரண்டு வாரப் பயிற்சியில் வரக்கூடியதைத் தேர்வில் கேட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குச் சாதகமாகிவிடும்.

ஒரே கோப்பை மூன்று சுற்றுக்கு வைத்தால் விடை வெளியே போய்விடும். சமமான இரண்டு கோப்புகளாவது தயாரியுங்கள். இணையவழித் தேர்வில் வேறு யாரோ, அல்லது செயற்கை நுண்ணறிவு, எழுதித் தரும் அபாயம் உண்டு. நேர்காணலில் பத்து நிமிடம் ஒதுக்கி, "இந்தக் கோப்பை ஏன் நிராகரித்தீர்கள்?" என்று கேட்டால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் ஆள் வரிசையில் நிற்கும் பதவிக்கு. 8 இடத்துக்கு 12 பேர்தான் வந்தார்கள் என்றால் எவ்வளவு நல்ல தேர்வும் பெரிதாக உதவாது. தேர்ந்தெடுக்க ஆளே இல்லை. அந்தப் பணத்தை ஆள் தேடுவதிலும், வேலையின் கஷ்டத்தை முன்கூட்டியே நேராகச் சொல்வதிலும் செலவிடுங்கள்.

தகுதிகாண் பருவம்

போட்டி முறையில் ஆளெடுக்கும் பணிகளில் பெரும்பாலும் ஓராண்டு. எம்எஸ்பிபி ஆய்வுகள் இதை ஆளெடுப்பின் கடைசித் தேர்வாகப் பார்க்கச் சொல்லி வந்திருக்கின்றன. நடைமுறையில் மேற்பார்வையாளருக்குத் தேதியே நினைவில்லாமல் ஆண்டு கழிந்துவிடும். 2025 ஏப்ரலில் வந்த 14284ஆம் எண் ஆணை இதைத் திருப்பிப் போட்டது: துறை சான்றளித்தால்தான் பணி தொடரும், இல்லையேல் முடியும். ஆளை ஒவ்வொருவராக அளந்து எழுதிய பதிவு இல்லாவிட்டால், பழைய முறையில் பொருந்தாதவர் தங்கிவிடுவார், புதிய முறையில் நல்லவர் போய்விடுவார்.

30ஆம் நாளுக்குள் எதிர்பார்ப்பை எழுத்தில் கொடுங்கள். மூன்றாம், ஆறாம் மாதங்களில் நேர்காணலில் அளந்த அதே திறன்களுக்கு அதே 1 முதல் 5 அளவில் மதிப்பெண் போடுங்கள். பத்தாம் மாதம் முடிவு. வருடாந்திர மதிப்பீட்டை இதற்கு நம்பாதீர்கள்: 2013ஆம் ஆண்டுக்கு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் பார்த்தபோது, நிரந்தர ஊழியர்களில் 99 சதவீதத்தினர் 'முழு வெற்றி' நிலையிலோ அதற்கு மேலோ இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் எந்தத் தேர்வோடும் அது ஒட்டுறவு காட்டாது. பல ஏற்புடைமை ஆய்வுகள் தோற்பது தேர்வு மோசம் என்பதால் அல்ல, இந்த இடத்தில்தான்.

பத்தாம் மாத மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும், பெயரை நீக்கி எண் மட்டும் இட்டு, ஒரே தாளில் இரண்டு நெடுவரிசையாக வைத்துச் சேமியுங்கள். 20 பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 0.30 அளவுள்ள ஒட்டுறவை 80 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்க 85 பேர் வேண்டும், 0.20 என்றால் 194 பேர். அதற்காக ஐந்தாறு சுற்றுகள் காத்திருக்கலாம், இல்லாவிட்டால் அதே பதவிக்கு ஆளெடுக்கும் வேறு மண்டலங்களிடம் இன்றே பேசி, எல்லோரும் அதே கேள்வி, அதே அளவு என்று ஒப்புக்கொள்ளலாம்.